அரண்மனைக்காரத் தெருவின் ஆறு மணிகள்

முன்னுரை

இம்மலருக்கு எழுதவிருக்கும் பொருளை நான் வகுப்பில் கூறியபோது, இரண்டாமாண்டு மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, நம் கல்லூரி மலரில் மாதா கோயில் மணியைப் பற்றி எதற்கு?" என்று கேட்டார். வினா நேர்மையானது. இறைவணக்கத்திற்கு மணியோசையை ஏற்காத ஒரு மார்க்கத்தைச் சார்ந்தவன் நான். ஆயினும் வள்ளூரிலிருந்து கடற்கரைச் சாலை வழியாக எண்ணூர், திருவொற்றியூர், ராயபுரம் கடந்து பாரிமுனை வரை செல்லும் எவரும், பாங்கோசையும் கோயில் மணியும் தேவாலய மணியும் அடுத்தடுத்துக் கேட்காமல் அவ்வழியைக் கடக்க இயலாது. நாள்தோறும் நம் செவியில் விழும் ஓர் ஓசையின் பொருளை அறியாதிருப்பது கல்விக்கு அழகன்று. அம்மாணவருக்குக் கூறத் தொடங்கிய விடையே இக்கட்டுரையாக விரிந்தது.

மணி என்னும் சொல்

'மணி' என்பது பல பொருள் குறித்த ஒரு சொல். ஒளிவிடும் கல்லும் மணி, நெல்லும் மணி, கண்ணின் பாவையும் மணி, ஒலிக்கும் வெண்கலமும் மணி, ஒரு நாளின் இருபத்து நான்கில் ஒரு கூறும் மணி. ஒலிக்கும் கருவியின் பெயரே காலத்தின் பெயராகவும் ஆனது தமிழில் மட்டும் நேர்ந்ததன்று. ஆங்கிலத்தில் கடிகாரத்தைக் குறிக்கும் 'கிளாக்' என்னும் சொல், இடைக்கால இலத்தீனில் மணியைக் குறித்த 'கிளாக்கா' என்னும் சொல்வழி வந்ததேயாகும். கைக்கடிகாரம் இல்லாத காலத்தில் மக்கள் நேரத்தைக் கண்ணால் பார்க்கவில்லை; காதால் கேட்டனர். இருமொழியாரும் இவ்வுண்மையைச் சொல்லில் பதித்து வைத்துள்ளனர்.

மணி காலத்தை மட்டுமின்றி நீதியையும் குறித்தது. கன்றை இழந்த பசு மனுநீதிச் சோழனின் ஆராய்ச்சி மணியை அசைத்த வரலாற்றை நாமனைவரும் அறிவோம். மொகலாயப் பேரரசர் ஜஹாங்கீரும் அரியணை ஏறியதும் ஆக்ரா கோட்டையில் அறுபது மணிகள் கோத்த நீதிச் சங்கிலியைத் தொங்கவிட்டார். முறையிட வருவோர் அதனை இழுத்தால் போதும். திருவாரூரும் ஆக்ராவும் இவ்வகையில் ஒன்றையொன்று நினைவூட்டுகின்றன.

மதீனாவில் நடந்த ஆலோசனை

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்குப் பெயர்ந்த பின், தொழுகைக்கு மக்களை எவ்வாறு அழைப்பது என்பது பற்றி ஆலோசனை நடந்தது. கிறித்தவர்கள் பயன்படுத்திய 'நாக்கூஸ்' என்னும் ஓசைக்கருவியைப் பயன்படுத்தலாம் என்றனர் சிலர். யூதர்களைப் போலக் கொம்பு ஊதலாம் என்றனர் வேறு சிலர். இறுதியில் மனிதக் குரலே தேர்ந்தெடுக்கப்பட்டது. அப்துல்லாஹ் இப்னு ஸைத் (ரலி) கனவில் கேட்ட சொற்களைப் பிலால் (ரலி) உரத்த குரலில் முழங்கினார். அடிமைத்தளையிலிருந்து மீண்ட ஒருவரின் குரல் அச்சமுதாயத்தின் அழைப்பாயிற்று.

இந்நிகழ்ச்சியில் நோக்கத்தக்கது ஒன்றுண்டு. அயலார் எவ்வாறு அழைக்கின்றனர் என்பதை நபித்தோழர்கள் நன்கு அறிந்திருந்தனர். அறிந்த பின்னரே தமக்குரியதைத் தேர்ந்தனர். அறியாமையின் மேல் எழுந்த மறுப்பன்று அது. தமிழகப் பள்ளிவாசல்கள் பலவற்றில் பாங்குக்கு முன் நகரா முழக்கும் வழக்கம் இருந்ததும் ஈண்டு நினைக்கத்தக்கது. குரலோடு ஓசைக்கருவியும் துணைநின்ற காலம் நமக்கும் உண்டு.

ஆங்கிலேயரின் மணிக்கலை

ஐரோப்பா முழுவதிலும் தேவாலய மணிகள் உண்டு. ஆனால் இங்கிலாந்தில் மணியடித்தல் ஒரு தனிவகைக் கலையாக வளர்ந்தது. பிறநாடுகளில் பெரும்பாலும் மணியைச் சிறிது அசைப்பர், அல்லது அதன் நாக்கைக் கயிற்றால் இழுத்து அடிப்பர். இங்கிலாந்திலோ ஒவ்வொரு மணியும் ஒரு முழுச் சக்கரத்தில் பிணைக்கப்பட்டிருக்கும். சக்கரத்தைச் சுற்றிவரும் கயிறு கீழ்த்தளத்தில் நிற்பவர் கைக்கு வரும். அடிக்கத் தொடங்குமுன் மணியை வாய் மேல்நோக்கி நிற்குமாறு நிறுத்துவர். கயிற்றை இழுத்ததும் மணி ஒரு முழுச் சுற்றுச் சுற்றி மீண்டும் தலைகீழாய் நிற்கும். ஒரு சுற்றுக்கு ஓர் ஒலி. ஒரு மணிக்கு ஓர் ஆள். பல நூறு கிலோ எடையுள்ள மணியை வலிமையால் ஆட்டுவதில்லை. அது நிலைகொள்ளும் கணத்தை உணர்ந்து சிறிதே முன்னும் பின்னும் ஆக்குவதே திறமை.

ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ இரண்டு நொடி ஆவதால், நினைத்தபோது விரைந்து அடித்து ஒரு பண்ணை இசைக்க முடியாது. எனவே ஆங்கிலேயர் பண்ணை விட்டு வரிசையைப் பற்றினர். மூன்று மணிகள் இருப்பதாகக் கொள்வோம். முதலில் 1 2 3 என ஒலிக்கும். அடுத்து 2 1 3. பின் 2 3 1. பின் 3 2 1. பின் 3 1 2. பின் 1 3 2. இறுதியில் மீண்டும் 1 2 3. ஒவ்வொரு முறையும் அடுத்தடுத்து நிற்கும் இரு மணிகள் மட்டுமே இடம் மாறுகின்றன என்பதைக் காண்க. ஒரு மணி ஒரே தாவலில் ஓரிடத்திற்கு மேல் நகரலாகாது. அதன் எடை இடம் தராது. ஒருமுறை ஒலித்த வரிசை மறுமுறை வரலாகாது. இதற்கு 'மாற்று வரிசை' எனத் தமிழில் பெயரிடலாம்.

மூன்று மணிகளுக்கு 6 வரிசைகள்; நான்கிற்கு 24; ஐந்திற்கு 120; ஆறிற்கு 720; ஏழிற்கு 5,040; எட்டிற்கு 40,320. ஏழு மணிகளின் எல்லா வரிசைகளையும் அடித்து முடிக்க ஏறத்தாழ மூன்று மணிநேரம் ஆகும். எட்டு மணிகளின் 40,320 வரிசைகளையும் 1963ஆம் ஆண்டு ஜூலையில் லஃபரோ நகரில் எண்மர் இடைவிடாது ஏறத்தாழ 18 மணிநேரம் நின்று அடித்து முடித்தனர். கையில் ஏடு இல்லை, யாவும் மனப்பாடம். இக்கலைக்கு 1668இலும் 1677இலும் அச்சான நூல்கள் உள்ளன. பின்னதை இயற்றிய ஃபேபியன் ஸ்டெட்மன் ஓர் அச்சுத் தொழிலர்.

இவ்வெண்களைக் காணும்போது அரபு இலக்கணத்தின் தந்தையருள் ஒருவரான கலீல் இப்னு அஹ்மத் நினைவுக்கு வருகிறார். 8ஆம் நூற்றாண்டில் அவர் 'கிதாபுல் ஐன்' என்னும் அகராதியை வகுத்தபோது, ஈரெழுத்து வேரை 2 வகையாகவும், மூவெழுத்து வேரை 6 வகையாகவும், நான்கெழுத்தை 24 வகையாகவும், ஐந்தெழுத்தை 120 வகையாகவும் மாற்றியமைக்கலாம் எனக் கணக்கிட்டார். எழுத்துகளை மாற்றிப் பார்த்தார் அவர். மணிகளை மாற்றிப் பார்த்தனர் ஆங்கிலக் கைவினைஞர். நம் இசைவாணரும் சுரங்களை வரிசை மாற்றி அடுக்கிப் 'பிரஸ்தாரம்' என்றனர். ஒருவர் மற்றவரைப் பார்த்து எழுதினர் என்பதற்கில்லை. மனித அறிவு எங்குச் சென்றாலும் சில வாயில்களை ஒரே வகையில் திறக்கிறது எனலாம்.

ஊரின் வாழ்வும் மணியும்

ஆங்கிலச் சிற்றூர்களில் மணி வழிபாட்டுக்கு மட்டும் ஒலிக்கவில்லை. ஊரில் ஒருவர் இறந்தால் மணி ஒலித்தது. பல ஊர்களில் ஆடவர்க்கு ஒன்பது முறையும் பெண்டிர்க்கு ஆறு முறையும் அடித்து, பின் இறந்தவரின் அகவைக்கேற்ப ஓரடிக்கு ஓராண்டாக ஒலித்தனர். வயலில் நின்ற உழவர் எண்ணிப் பார்த்தே யார் மறைந்தார் என ஊகித்துவிடுவர். இரவில் அடுப்புத் தீயை மூடச்சொல்லி ஒரு மணி ஒலித்தது. 'தீயை மூடு' என்னும் பொருள்படும் அப்பிரெஞ்சுத் தொடரே 'கர்ஃப்யூ' என்றாகி, 2020இல் நம் தெருக்களிலும் 'ஊரடங்கு' என்னும் பெயரில் வந்து நின்றது.

மணியடித்தோர் யாவரும் பக்தர்களாயிருந்தனர் என எண்ணிவிடலாகாது. மணிக்கூண்டில் மதுக்குடம் வைத்துக்கொண்டு, வழிபாடு தொடங்கியதும் இறங்கிச் சென்றுவிடும் கூட்டமாகவும் அவர்கள் ஒருகாலத்தில் இருந்தனர். 19ஆம் நூற்றாண்டில் பாதிரிமார் முயன்று அவர்களைத் திருச்சபைப் பணியாளராக்கினர். நல்லதும் அல்லதும் கலந்ததே எச்சமயத்தின் வரலாறும்.

மணி நின்ற காலமும் உண்டு. இரண்டாம் உலகப் போரில், 1940 ஜூன் முதல் பகைவர் வந்திறங்கினால் மட்டுமே மணி அடிக்கவேண்டும் என்று அரசு ஆணையிட்டது. நாடெங்கும் கோபுரங்கள் வாய்மூடின. எல் அலமைன் வெற்றிக்காக 1942 நவம்பர் 15ஆம் நாள் மீண்டும் ஒலித்தபோதுதான் பலருக்கு இழந்தது இன்னதெனப் புரிந்தது. முதல் உலகப் போரில் ஏறத்தாழ 1,400 மணியடிப்போர் மாண்டனர். அப்போர் முடிந்த நூறாம் ஆண்டு நினைவான 2018இல், அதே எண்ணிக்கையில் புதியோரைச் சேர்க்க இங்கிலாந்தில் ஓர் இயக்கம் நடந்தது. இறந்தவரின் கயிற்றை இன்னொருவர் பற்றவேண்டும் என்னும் கருத்து உயர்ந்ததே.

இந்தியாவில் இம்முறைக்குரிய எட்டு மணித் தொகுதிகள் மேற்குப் பகுதியில் உள்ளன. மும்பை கொளாபாவில் உள்ள ஆப்கன் தேவாலயத்தில் லஃபரோ டெய்லர் வார்ப்பகத்தின் எட்டு மணிகள் 1904இல் ஏற்றப்பட்டன. புனேயின் திருநாமத் தேவாலயத்திலும் எட்டு மணிகள் உண்டு. சென்னைக் கோட்டைக்குள் 1680இல் எழுந்த தூய மரியாள் தேவாலயம் சூயசுக்குக் கிழக்கே பழமையான ஆங்கிலத் திருச்சபை ஆலயம் என்னும் பெருமைக்குரியது. ஆயினும் சென்னையின் மணிகளைப் பற்றிப் பேச வேண்டுமானால் கோட்டையை விட்டு வெளியே, பாரிமுனைக்கு வரவேண்டும்.

அரண்மனைக்காரத் தெரு

பாரிமுனையில் ஆர்மீனியன் தெருவைப் பழைய மக்கள் 'அரண்மனைக்காரன் தெரு' என்பர். அங்கு அரண்மனை எதுவுமில்லை. 'ஆர்மீனியன்' என்னும் அயற்சொல் தமிழ் நாவில் புரண்டு 'அரண்மனைக்காரன்' ஆயிற்று. அறியாச் சொல்லை அறிந்த சொல்லாக்கிக் கொள்ளும் மக்கள் வழக்கிற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. அத்தெருவில் கச்சாலீசுவரர் கோயில் உண்டு. கத்தோலிக்கரின் தூய மரியன்னை இணைப் பேராலயம் உண்டு. நடந்துசெல்லும் தொலைவில் மண்ணடியின் பள்ளிவாசல்கள் உண்டு. இவற்றிடையே 1712இல் தோன்றி 1772இல் புதுக்கிக் கட்டப்பட்ட ஆர்மீனியரின் கன்னி மரியாள் தேவாலயம் அமைந்துள்ளது.

பாரசீகத்தின் ஜுல்ஃபா நகரிலிருந்து பட்டும் மணிக்கற்களும் கொண்டு வாணிகம் செய்ய வந்தவர் ஆர்மீனியர். அவர்களுள் ஒருவரான கோஜா பெட்ரஸ் உஸ்கான், 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தம் பொருளைச் செலவிட்டுச் சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே பாலம் அமைத்தார். பரங்கிமலைக்குப் படிகள் கட்டினார். ஆர்மீனிய மொழியின் முதல் இதழான 'அஸ்தரார்' 1794இல் வெளிவந்தது ஆர்மீனியாவில் அன்று, நம் சென்னையில். அதனை நடத்திய அருட்தந்தை ஹாருத்தியூன் ஷ்மவோனியனின் கல்லறை இத்தேவாலய வளாகத்தில் உள்ளது.

தேவாலயத்தை ஒட்டிய மணிக்கூண்டில் ஆறு மணிகள் தொங்குகின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 150 கிலோ எடை. ஆறும் ஒரே காலத்தில் வார்க்கப்பட்டவையல்ல. இரண்டு மணிகளில் 1837ஆம் ஆண்டும் இலண்டன் வார்ப்பாளர் தாமஸ் மியர்ஸின் பெயரும் உள்ளன. அவருடைய பட்டறையே ஒயிட்சேப்பல் வார்ப்பகம் எனப் புகழ்பெற்று, பிற்காலத்தில் பிக் பென் மணியை வார்த்து, 2017இல் மூடப்பட்டது. 1778ஆம் ஆண்டுக்குரிய மணி, பத்தொன்பது அகவையில் இறந்த எலியாசர் ஷாமியர் என்னும் இளைஞரின் நினைவாக அமைந்தது. மகனை இழந்த குடும்பம் கல்லறையோடு நிறைவு கொள்ளாது மணியாகவும் அவர் பெயரை நிறுத்தியது. இன்னொரு மணி 1754இல் வார்க்கப்பட்டு 1808இல் மீண்டும் உருக்கி வார்க்கப்பட்டது. அதில் ஆர்மீனிய எழுத்துகளோடு தமிழ் எழுத்துகளும் உள்ளன.

தமிழ் கற்பிப்பவன் என்னும் முறையில் என்னை ஈர்த்தது அத்தமிழ் எழுத்தே. ஆர்மீனியரின் வழிபாட்டில் தமிழுக்கு இடமில்லை. கூண்டின் உச்சியில் தொங்கும் மணியைக் கீழே செல்வோர் படிக்கவும் இயலாது. ஆயினும் இம்மண்ணின் எழுத்து அதில் இடம்பெற்றது. வந்தேறிய வணிகர் தம் மணியில் இவ்வூரின் மொழியையும் சேர்த்துக்கொண்டனர்.

இன்று சென்னையில் ஆர்மீனியர் சமுதாயம் என ஒன்று இல்லை. வணிகம் நலிந்தது, குடும்பங்கள் கொல்கத்தாவுக்கும் பிற நாடுகளுக்கும் பெயர்ந்தன. ஆயினும் ஞாயிறுதோறும் காலை 9.30 மணிக்கு ஆறு மணிகளையும் ஒலிக்கும் வழக்கத்தை ஆலயக் காப்பாளர்கள் நெடுங்காலம் காத்து வந்தனர். அழைப்பு ஒலித்தது, வருவதற்குத்தான் எவருமில்லை. பாங்கு சொன்ன பின் ஒருவரும் தொழ வராத பள்ளியை ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். அம்மணியோசையின் துயரம் அப்போது நமக்கும் விளங்கும்.

கடல் கடந்த கப்பல் மணி

தமிழ் எழுத்துத் தாங்கிய இன்னொரு மணி, நியூசிலாந்தின் வெலிங்டன் நகரில் உள்ள தெ பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வில்லியம் கோலென்சோ என்னும் கிறித்தவப் பாதிரியார், 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், மாவோரிப் பெண்கள் உருளைக்கிழங்கு வேகவைக்கும் கலமாக அதனைப் பயன்படுத்தக் கண்டார். பெரும்புயலில் வேரோடு சாய்ந்த மரத்தின் அடியில் கிடைத்தது என்றனர் அவர்கள். அதன் விளிம்பைச் சுற்றித் தமிழ் எழுத்துகள். படித்தறிந்த அறிஞர்கள், அது முகையதீன் வக்குசு என்னும் பெயருக்குரிய கப்பலின் மணி என்றனர்.

'முஹ்யித்தீன் பக்ஷ்' என்னும் இசுலாமியப் பெயரின் தமிழ் வடிவமே அது. முஹ்யித்தீன் என்பது பாக்தாதின் இறைநேசர் அப்துல் காதிர் ஜீலானி அவர்களின் சிறப்புப் பெயர்; தமிழ் முஸ்லிம் இல்லங்களில் தலைமுறை தலைமுறையாகச் சூட்டப்படுவது. அக்கப்பல் எவ்வாறு தென்கடல் சென்றது என்பதில் அறிஞரிடையே பல கருத்துகள் உண்டு. ஆனால் அம்மணியைத் தமிழறிந்த முஸ்லிம் கடலோடிகளின் உடைமை எனக் கொள்ள அதன் எழுத்தே போதும். கப்பல் இல்லை, மாலுமிகள் இல்லை, பெயர் மட்டும் வெண்கலத்தில் நிற்கிறது. அதனைக் காத்தவர் யார்? புயலில் கண்டெடுத்த மாவோரி மக்கள். அடையாளம் கண்ட ஒரு பாதிரியார். பேணும் ஓர் அருங்காட்சியகம். நம்மவர் எவருமில்லை.

இப்போது அம்மாணவரின் வினாவுக்கு விடை கூறலாம். நம் முன்னோர் பெயரைத் தாங்கிய மணியை நம் சமயத்தவரல்லாதோர் காத்துத் தந்தனர். ஆர்மீனியரின் மணியை ஆர்மீனியரில்லாத ஊர் காத்துவருகிறது. ஒரு சமுதாயத்தின் நினைவு பலவேளை அடுத்த சமுதாயத்தின் கைகளிலேயே அடைக்கலமாகிறது. மடங்களும் தேவாலயங்களும் யூதர் ஆலயங்களும் பள்ளிவாசல்களும் இறைவன் பெயர் நினைக்கப்படும் இடங்களாக அடுத்தடுத்துச் சுட்டப்படுவதைத் திருக்குர்ஆனின் 'அல்ஹஜ்' அத்தியாயத்தில் காணலாம். அயலார் ஆலயத்தின் மணியை அறிந்து போற்றுவதால் நம் நம்பிக்கை குறைவதில்லை.

முடிவுரை

நம் பகுதிக்கு வருவோம். வள்ளூருக்கு வடக்கே பழவேற்காட்டில் 1613இல் டச்சுக்காரர் எழுப்பிய கெல்டிரியா கோட்டை மண்ணோடு மண்ணானது; அவர்களின் கல்லறை எழுத்துகள் மட்டும் நிற்கின்றன. தெற்கே ராயபுரம், மீனவரின் காவலரான ராயப்பர் பெயரால் விளங்குவது. பெரம்பூர்த் தொழிலாளர் ஒருகாலத்தில் பின்னி ஆலைச் சங்கைக் கேட்டே உலைவைத்தனர். அவ்வாலை 1996இல் மூடப்பட்டது. எண்ணூரில் துறைமுகம் 2001இல் வந்தது. வள்ளூரில் அனல்மின் நிலையம் 2012இல் மின்னுற்பத்தி தொடங்கியது. வளர்ச்சிக்கு இடம்விட்டுக் கடலோரக் குப்பங்கள் சில பெயர்ந்தன. ஊர் பெயரும்போது கோயில் மணியும் பள்ளிவாசல் கல்வெட்டும் தேவாலயக் கல்லறையும் என்னவாகின்றன என்று எவரும் கணக்கெடுப்பதில்லை. பழைய மணி வெடித்தால் எடைக்குப் போடப்படுகிறது. அதிலிருந்த எழுத்தும் உடன் உருகிப்போகிறது.

ஆகவே தமிழ்த்துறை மாணவர்களிடம் ஒன்றை வேண்டுகிறேன். வரும் விடுமுறையில் அவரவர் ஊரிலுள்ள கோயில், பள்ளிவாசல், தேவாலயம் மூன்றுக்கும் செல்லுங்கள். பொறுப்பிலிருக்கும் பெரியவர்களிடம் முறையாக இசைவு பெறுங்கள். மணியிலும் கல்லிலும் கல்லறையிலும் உள்ள எழுத்துகளை ஆண்டோடும் இடத்தோடும் படியெடுத்து வாருங்கள். எழுத்து எம்மொழியாயினும் விட்டுவிட வேண்டா. சமுதாயப் பெரியோர்களும் பள்ளிவாசல் நிருவாகத்தாரும் தங்கள் பழைய கல்வெட்டுகளைச் சுண்ணாம்பு பூசி மறைக்காது மாணவர்க்குக் காட்டி உதவவேண்டும். நான்கு ஊர்களின் எழுத்துகள் சேர்ந்தாலும் அடுத்த மலருக்கு அது அரிய கொடையாகும்.

அம்மாணவர் இப்போது தம் ஊர்ப் பள்ளிவாசலின் பழைய கல் ஒன்றைப் படியெடுக்கத் தொடங்கியுள்ளார். அடுத்த வாரம் ராயபுரத்துக்கும் செல்லவிருப்பதாகக் கூறினார். வினாவுக்கு நான் தந்த விடையினும் அது நல்ல விடை.